நாலேகால் மணிக்கு நானே எழுந்தேன்

லூனெபுர்க்,
பிப்ரவரி 17

அன்பு மகள் வீப்கெவுக்கு அப்பா எழுதுவது. முழங்கால் முணுமுணுப்பதைத் தவிர இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, வான்கூவர் மழையில் நீயும் சளி பிடிக்காமல் இருப்பாய் என்று நம்புகிறேன். நீ கடைக்குச் சொல்லி அனுப்பிய ரேடியோ அலாரம் கடிகாரம் வந்து மூன்று வாரமாகிறது. பேட்டரி போட்டால் போதும், பிராங்பர்ட் பக்கத்திலிருந்து ரேடியோ அலையில் வரும் நேரச் சைகையைப் பிடித்து அதுவே நேரம் வைத்துக்கொள்ளும், அதுவரை எந்தப் பொத்தானையும் தொடாதே என்று சொல்லியிருந்தாய். தொட்டேன். நாற்பது வருடம் எஞ்சின் பிரித்தவன் கை சும்மா இருக்குமா? ஒரு மணி நேரம் பின்னால் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். அன்றைக்குப் பார்த்து, தினமும் விடியுமுன் போன் செய்து என்னை எழுப்பும் நீயாவது ஒருநாள் ஓய்வெடு, கூப்பிடாதே என்று பெரிய மனிதன் போல உன்னிடம் சொல்லியிருந்தேன். பஸ் பணிமனைக்கு ஐம்பது நிமிடம் தாமதம். புது டிரைவர் வேலையில் தகுதிகாண் காலம் முடிய இரண்டு வாரம்தான் இருக்கிறது, இன்னொரு தடவை என்றால் வேலை இல்லை என்று மேலாளர் பெனெக்கெ முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அதைக் கேட்டுத்தானே நீ அங்கே வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று ஆரம்பித்தாய்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பேட்டரியைக் கழற்றி மறுபடி போட்டு, இம்முறை கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். இரும்புச் சாமான் பக்கத்தில் கூடாது என்று கடிகாரத்தோடு வந்த தாளில் இருந்ததால் விளக்கை நகர்த்தினேன், கட்டிலை நகர்த்தினேன், கடிகாரத்தைத் தெற்கு ஜன்னல் விளிம்பிலேயே வைத்தேன். காலையில் பார்த்தால் அதன் திரையில் சைகை தேடும் கோபுரப் படம் மினுக்கிக்கொண்டே இருந்தது, சைகை வரவில்லை. நான்கு நாள் இதே கதை. ஞாயிறு மதியம் வெயில் கண்ணில் அடிக்கிறதென்று ஜன்னல் ஷட்டரை இறக்கினேன், மேசையில் பாடிக்கொண்டிருந்த என் பழைய ரேடியோ கரகரத்தது. ஏற்றினேன், பாடியது. பிறந்ததிலிருந்து இருட்டியதும் ஷட்டரை இறக்கிப் பழகிய எனக்கு, அது முழுக்க அலுமினியம், ராத்திரியெல்லாம் சைகையை மறிப்பது அதுதான் என்பது அப்போதுதான் உறைத்தது!

அன்றிரவு திறந்தே விட்டுப் படுத்தேன். நாலேகாலுக்குக் கடிகாரம் கத்தியது, ஜன்னல் வரை நடந்தால்தான் அதை நிறுத்த முடியும், நடந்தேன். உன் அழைப்பு வந்தபோது ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன், அதை மட்டும் உன்னிடம் சொல்லவில்லை. எதிர்வீட்டு டீடமன் அம்மாவுக்கோ விடிந்ததும் பதறிவிட்டது. ராத்திரி முழுக்க ஷட்டர் இறங்கவில்லை, வாசல் மணியை அடித்தாலும் பதில் இல்லை, விழுந்து கிடக்கிறேன் என்று முடிவுகட்டிப் பணிமனைக்கே போன் போட்டுவிட்டாள். பெனெக்கெ அவளிடம் சொன்னாராம்: "எகார்ட்டா? இன்னிக்கு எல்லாருக்கும் முன்னாடி வந்துட்டாரும்மா. நாலாம் நம்பர் பஸ்ஸை எடுத்துட்டுப் போய் ரெண்டு மணி நேரமாச்சு." அதன்பின் ஒருநாளும் தவறவில்லை. நேற்று வேலையை நிரந்தரமாக்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அதனால் நீ வேலையை விட வேண்டாம் மகளே, இரவுச் சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்து என்னை எழுப்பவும் வேண்டாம். உன் அம்மா போன பிறகு காலையில் நான் கேட்கும் முதல் குரல் உன்னுடையது, அதை விடுவது சுலபமில்லை. ஆனாலும் விடுகிறேன். நீ நீண்ட நாள் நன்றாக இரு. வேலையை விடவில்லை என்று இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே உன் அலுவலகத்தில் சொல்லிவிடு, மறக்காதே. ஞாயிறு நாலு மணிக்கு, நான் காபி குடிக்கும்போது சும்மா பேசலாம். அங்கே காலை ஏழு மணியாக இருக்கும், உன்னால் எழ முடியாவிட்டால் நான் கூப்பிட்டு எழுப்புகிறேன்.

உன் அப்பா,
எகார்ட்