முனியாண்டி தள்ளுற லீவர்

செவ்வாய், ராத்திரி

துரை பங்களாவுல புல்லு வெட்டுற பழைய வண்டி இன்னிக்கு மானத்த வாங்கிருச்சி. எஞ்சின் ஓடுது, ஆனா வண்டி ஒரு அடி நகரல. பெல்ட்தான் போயிருக்கும்னு ரிங்லெட் டவுன்ல புதுசு வாங்கி மாட்டினேன். அப்பவும் நகரல. எஸ்டேட் ஆபீஸ் கிராணி வந்து பாத்துட்டு, "தூக்கிப் போட்டுருவோம்லா"ன்னாரு.

கடைசியில வெக்கத்த விட்டு முனியாண்டிக்குப் போன் போட்டேன். பதினெட்டு வருஷம் என்கூட ஒர்க்‌ஷாப்புல இருந்தவன். அவன் வேலைய விட்டுட்டு மக வீட்டுக்கு ஈப்போ போனதுக்கப்புறம் இன்னிக்குத்தான் பேசறேன்.

விஷயத்தக் கேட்டுட்டு, "நேத்து வண்டியத் தள்ளுனியா?"ன்னான்.

"மழையில பெட்ரோல் தீந்துபோச்சி. ஷெட்டுக்குத் தள்ளிட்டு வந்தேன்."

"சக்கரம் லூசாகறதுக்குப் பின்னாடி லீவர இழுத்திருப்பியே, திரும்ப உள்ள தள்ளுனியா?"

தள்ளல. இத்தன வருஷமா இழுக்கறது நானு, வண்டி ஷெட்டுக்குள்ள போனதும் தள்ளுறது அவன். அப்படி ஒரு வேலை இருக்கறதே எனக்கு ஞாபகம் இல்ல.

லீவர உள்ள தள்ளினேன், வண்டி நகந்திருச்சி. அவனும் போன வைக்கல, நானும் வைக்கல. கடைசியா, "சரிலா"ன்னான்.

வண்டி இப்ப நல்லா ஓடுது. இனிமே என்ன சொல்லி அவனுக்குப் போன் போடறது?