எனக்கு ரெண்டாம் பந்தி போதும் அண்ணே

என் உயிர் அருளண்ணே,

நான் இப்போது தச்சநல்லூரில் ஒரு மீன் கடையில் நிற்கிறேன். இனி கடல் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று ஓடிவந்தவனுக்கு மீன் வெட்டுகிற பிழைப்புதான் வாய்த்தது. சிரிக்காதே அண்ணே.

போன வாரம் தாமிரபரணியில் வெள்ளம். எல்லாரும் பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள், நான் கடலை நினைத்தேன். இந்தக் கலங்கல் தண்ணீர் கடலில் சேர்ந்ததும் சாளை மீன் கூட்டம் மேய வரும், சாளையைத் தேடி ஓங்கில் வரும். இங்கே டவுனில் அதை டால்பின் என்கிறார்கள்.

ஓங்கில்கள் சுற்றி வளைத்து, சாளையை ஒரே குவியலாக மேலே தள்ளுவதை உன்னோடு எத்தனை தடவை பார்த்திருப்பேன்! கீழேயிருந்து சூரை மீன் முட்டும், மேலேயிருந்து பறவைகள் விழும். நம் ஆட்கள் வள்ளத்தின் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். "மீனக் காட்டிக் குடுத்ததே அதுகதாம்லே. மொதப் பந்தி அதுகளுக்கு, ரெண்டாம் பந்தி நமக்கு" என்பாய்.

போன வருஷம் ஒரு நாள், நாம் ரெண்டு பேர் மட்டும் போனபோது, நான் காத்திருக்கவில்லை. "நீ பந்தி வெச்சுக்கிட்டே இரு, மீனு ஓடிரும்" என்று வலையை இறக்கினேன். ஓங்கில் குட்டி ஒன்று சிக்கிக்கொண்டது. மூச்சுவிட மேலே வர முடியாமல் அது துடிக்க, தாய் வள்ளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது.

"ஏலே பாவி, என்ன காரியம்லே பண்ணிட்ட!"

அதுதான் நீ என்னிடம் கடைசியாகப் பேசியது. கத்தியோடு குதித்தாய். குட்டி மேலே வந்தது, நீ வரவில்லை. நானும் குதித்தேன். அறுந்த வலை உன் காலில் சுற்றிக் கிடந்தது. உன்னை வள்ளத்தில் தூக்கிப் போட்டபோது உடம்பு மட்டும்தான் இருந்தது.

அண்ணியிடம், "கால் தவறி விழுந்துட்டாவ" என்று சொன்னேன். ஊரும் நம்பியது. அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு அவள் கையால் எப்படிச் சோறு வாங்கித் தின்றேன், அண்ணே?

வெள்ளம் வடிந்ததும் ஊருக்குப் போய், மாமா மகன் வள்ளத்தில் ஏறினேன். பறவைகள் தெரிந்த இடத்தில் எஞ்சினை அணைக்கச் சொன்னேன். "எதுக்குவே?" என்றான், ஆனாலும் அணைத்தான். ஓங்கில் சேர்த்த குவியலுக்கு அடியிலிருந்து திமிங்கிலம் ஒன்று வாயைப் பிளந்துகொண்டு எழும்பியது. தொண்டை சாக்குப்பை போல உப்பியது. தண்ணீரை வெளியே தள்ளிவிட்டு, சாளையை அப்படியே விழுங்கிப் பைய அமிழ்ந்தது. பார்க்க நீ இல்லையே என்று வாய்விட்டு அழுதேன்.

கரைக்கு வந்ததும் நேரே அண்ணியிடம் போனேன். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அறைவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்றிருந்தேன். அவள் கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"அந்தக் குட்டி பொழச்சிட்டா?" என்று கேட்டாள்.

"பொழச்சிட்டு அண்ணி."

அன்றைக்கு அவள் எனக்குச் சோறு போடவில்லை. அவள் என்னை மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. நீ?

மறுபடியும் கடலுக்கு வருகிறேன் அண்ணே. அதுகள் தின்று தீர்த்து, எனக்கு ஒரு சாளைகூட மிஞ்சாமல் போனாலும் சரி, முந்தி வலை இறக்க மாட்டேன்.

உன் பேச்சைக் கேட்காத தம்பி,
சேவியர்