ஆரணியின் இத்தாலியன் நாட்கள்

இஞ்சேருங்கோ,

உங்களை நான் ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கடிதத்தில் புதிதாகத் தொடங்கினால் வேறு யாருக்கோ எழுதுவது போலிருக்கும். நல்ல சேதி சொல்லத்தான் எழுதுகிறேன். நடுவில் நீங்கள் பயப்படக் கூடாதென்று அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பிள்ளை கதைக்கிறாள்.

ஆரணி முதலாம் வகுப்புக்குப் போனதை நீங்கள் பார்க்கவில்லை. ஆனால் இந்தக் கூர் நகரத்தில், இருமொழி வகுப்பில்தான் அவள் படிக்க வேண்டும் என்று, கிண்டர்கார்டன் முடியுமுன்பே பதிந்துவிட்டு வந்தவர் நீங்கள். பாதிப் பாடம் ஜெர்மன், நாங்கள் சொல்கிற டொச்; மற்றப் பாதி இத்தாலியன். ஒரு ஆசிரியை டொச் மட்டும் பேசுவார், மற்றவர் இத்தாலியன் மட்டும். "வீட்டில தமிழ், அங்க இன்னும் ரெண்டு. பிள்ளைக்குத் தலை குழம்பாதோ?" என்று கேட்டேன். "எங்கட கிச்சினுக்கு வந்து பாரும். என்ர தலை இன்னும் நல்லாத்தானே இருக்கு" என்றீர்கள். இந்த மாநிலத்தில் இத்தாலியனும் ஊர்ப் பாஷைதான், நாளைக்கு வேலைக்கு உதவும் என்றும் சொன்னீர்கள். ஹோட்டல் சமையலறையில் இத்தாலியரோடு நின்று நின்று அந்தப் பாஷை உங்கள் வாயில் அப்படி ஒட்டியிருந்தது.

வசந்தத்தில் அதே சமையலறையில் விழுந்தீர்கள். நெஞ்சுவலி என்று சொல்லக்கூட நேரமில்லை. ஆகஸ்டில் பள்ளிக்கூடம் தொடங்கியது.

எம்மன்புரூக்கேயிலிருந்து அண்ணை போன் எடுத்தார். "தங்கச்சி, அவர் இருந்தா இத்தாலியன் சொல்லிக் குடுப்பார். இப்ப ஆர் இருக்கினம்? தனி டொச் வகுப்புக்கு மாத்திவிடு. தமிழாவது மிஞ்சும்." அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனாலும், நீங்கள் பதிந்தது என்ற ஒரே காரணத்துக்காக அவளை அங்கே அனுப்பினேன்.

இலையுதிர்கால விடுமுறைக்கு முன் பள்ளியிலிருந்து அழைத்தார்கள். டொச் நாட்களில் ஆரணி வாய் ஓயாமல் கதைக்கிறாளாம். இத்தாலியன் நாட்களில் ஒரு சொல் இல்லை. சொல்வதெல்லாம் விளங்குகிறது, கணக்குச் சரியாகச் செய்கிறாள், சொன்ன படத்தைக் கீறுகிறாள். வாய் மட்டும் திறப்பதில்லை. அப்போதுதான் எனக்கும் உறைத்தது. உங்களோடு சாப்பிடும்போது இத்தாலியனில் பருக்கை எண்ணிக்கொண்டிருந்த பிள்ளை, வீட்டிலும் அந்தப் பாஷையை விட்டுவிட்டிருந்தாள். கேட்டால், "ஒண்டுமில்லை அம்மா."

அப்பாவின் நினைவு வருகிறது போல, என்று நான் நினைத்தேன். ஆசிரியைகளும் அப்படித்தான் நினைத்தார்கள். ஜனவரி வந்தும் மாற்றமில்லை. அரையாண்டோடு வகுப்பு மாற்றுவதா என்று பேச ஒரு நாள் குறித்தார்கள். மாற்றிவிடுங்கள் என்று சொல்லவே நானும் மனதைத் தயார்ப்படுத்தியிருந்தேன். உங்கள் ஆசையை என் கையாலேயே முடித்துவைக்கப் போகிறேன் என்றிருந்தது.

அந்த நாள் காலையில் அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"அம்மா, அப்பா கூடாத ஆளோ?"

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை." கொஞ்ச நேரம் சீப்பின் பல்லை நோண்டிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். "பள்ளிக்கூடம் தொடங்கின முதல் கிழமை, இத்தாலியன் வகுப்பில, என்ர காலில கத்தரிக்கோல் விழுந்தது. அப்பா கை சுட்டா சொல்லுற இத்தாலியன் சொல்லை நானும் சொன்னனான். என்ர வகுப்பு மத்தேயோவும் இன்னொரு பெடியனும் வாயைப் பொத்திச் சிரிச்சவை. அது கூடாத ஆக்கள் சொல்லுற சொல்லாம். டீச்சரும் ஓடி வந்தவ."

"அதுக்காகவோ நீ இவ்வளவு நாளும் கதைக்கேல்லை?"

"அப்பா சொல்லித் தந்ததில எது நல்லது, எது கூடாததெண்டு எனக்குத் தெரியாது. பிழையா ஒண்டைச் சொன்னா, அப்பாவைத்தானே கூடாதெண்டு நினைப்பினம்."

விளங்குகிறதா உங்களுக்கு? அவள் பயத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. உங்களைக் காட்டிக்கொடுக்காமல் இருந்திருக்கிறாள். ஏழு வயதுப் பிள்ளை, தகப்பனின் மரியாதையைத் தன் வாய்க்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு அத்தனை மாதமும் அந்த வகுப்பில் இருந்திருக்கிறாள். அந்தச் சந்திப்புக்குப் பஸ்ஸில் போகும்போது எனக்கு உங்கள் மேல் கோபம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. பிறகு மற்றதும் வந்தது. பக்கத்தில் இருந்த பெண் பேசாமல் ஒரு டிஷ்யூ தந்தார்.

இத்தாலியன் ஆசிரியையின் பெயர் சில்வியா. அவருக்கு டொச் ஒரு சொல்லும் தெரியாது என்றுதான் வகுப்புப் பிள்ளைகள் நம்புகிறார்கள். ஆனால் பெற்றோரோடு டொச் நன்றாகவே பேசுகிறார். எனக்குத் தெரிந்த டொச்சில் நடந்ததைச் சொன்னேன். எந்தச் சொல் என்று கேட்டார். எனக்கும் அது மனப்பாடம்தானே, உங்கள் கை எத்தனை முறை சுட்டிருக்கும். குரலைத் தாழ்த்திச் சொன்னேன். இங்கே எழுதமாட்டேன்.

சில்வியா கண்ணைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "காலில் கத்தரிக்கோல் விழுந்தால் நானும் அதைத்தான் சொல்வேன், வகுப்புக்கு வெளியில். அன்று அவள் சொன்ன உச்சரிப்பும் அவ்வளவு சரியாக இருந்தது. நான் ஓடி வந்தது காயம் பட்டதோ என்று பார்க்க." சிரிப்பு நின்றதும் அவர் முகம் மாறிவிட்டது. "அதை ஏச வந்ததாக நினைத்துவிட்டாளா? இத்தனை மாதமாகவா?" பிறகு, அப்பா வேறு என்னென்ன சொல்லிக் கொடுத்தார் என்று கேட்டார். எல்லாம் சமையலறைப் பாஷைதான் என்றேன். "அப்படியென்றால் சமையலறையிலிருந்தே தொடங்குவோம். வகுப்பு மாற்றுவதை இப்போது முடிவுசெய்ய வேண்டாம்" என்றார்.

வீட்டுக்கு வந்து ஆரணியிடம் சொன்னேன். அப்பா நல்ல ஆள். கை சுட்டால் பெரிய ஆட்கள் சொல்லும் சொல் அது, பள்ளிக்கூடத்தில் சொல்லாவிட்டால் சரி. சில்வியா டீச்சரும் வெளியில் சொல்லுவாவாம். "டீச்சருமோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அன்று இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

சில கிழமை கழித்து வகுப்பே சேர்ந்து சூப் காய்ச்சியது. விரும்பும் பெற்றோர் வரலாம் என்றார்கள். முதியோர் இல்லத்துச் சலவை வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் போனேன். சில்வியா வெங்காயத்தையும் கரட்டையும் தூக்கிக் காட்ட, பிள்ளைகள் பெயர் சொன்னார்கள். ஆரணி சொல்லவில்லை. நான் சுவரோடு ஒட்டி நின்றேன்.

சூப் கொதித்து முடிந்ததும் சில்வியா பெரிய பானையைத் தூக்கிக்கொண்டு மேசைப் பக்கம் வந்தார். வழியில் பிள்ளைகள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அப்போது ஆரணி கத்தினாள். "அத்தென்சியோனே, ஸ்கோத்தா."

கவனம், சுடுது. சோற்றுப் பானையோடு வரும்போது நீங்கள் சொல்கிற அதே இழுப்பு, அதே அதட்டல். பிள்ளைகள் எல்லாரும் ஒரேயடியாக விலகி நின்றார்கள். சில்வியா பானையை வைத்துவிட்டு, "கிராட்சியே, ஆரணி" என்று நன்றி மட்டும் சொன்னார், எந்த நாளும் நடக்கிற விஷயம் போல. மத்தேயோ பெரிய அகப்பையைத் தூக்கி, இதற்கு இத்தாலியனில் என்ன பெயர் என்று டொச்சில் கேட்டான். அவனுக்குத் தெரியவில்லை. "மெஸ்தொலோ" என்றாள் உங்கள் மகள். உப்புக் காணாது என்றும் அவள்தான் சொன்னாள், அதுவும் இத்தாலியனில். நான் வெளியே போய், பிள்ளைகளின் குளிர்கோட்டுகள் தொங்குகிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

அண்ணைக்கும் சொன்னேன். "தமிழை மறக்கேல்லைத்தானே?" என்று கேட்டார். ஆரணி போனைப் பறித்தாள். "மறக்கேல்லை மாமா. உங்களுக்கு இத்தாலியன் தெரியுமோ? நான் சொல்லித் தாறன்." அண்ணை, "சரி, எண்ணுறதில இருந்து தொடங்கு பாப்பம்" என்றார்.

போன கிழமை இன்னொரு கேள்வி கேட்டாள். "அப்பா எந்தப் பாஷையில கனவு கண்டவர்?" எனக்குத் தெரியவில்லை. இவ்வளவு வருடம் பக்கத்தில் படுத்தும் நான் கேட்கவில்லை. அடுப்பும் பானையும் வந்த கனவெல்லாம் இத்தாலியனிலா? நான் வந்திருந்தால், தமிழில்தானே?

ஆரணி அந்த வகுப்பிலேயே இருப்பாள், ஆரம்பப் பள்ளி முடியும்வரை. வீட்டுத் தமிழை நான் விடமாட்டேன். அவள் கதைக்கும் எந்தப் பாஷையிலும் அவள் தன் அப்பாவை ஒளித்துவைக்க வேண்டி வராது. அதை நான் பார்த்துக்கொள்வேன். நீங்கள் நிம்மதியாக இருங்கோ.

உங்கள் மனைவி,
ஆரணியின் அம்மா
சுகந்தி