அப்பாவின் காதும் இந்தக் காலத்துப் பாட்டும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுகிறேன். இங்கே நான் சௌக்கியம், அப்பாவின் வாய் ரொம்பவே சௌக்கியம், அவருடைய காதைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லக் கூடாதா என்று கேட்பாய். இப்போது வீட்டில் எதைச் சொன்னாலும் அவருக்குக் கேட்டுவிடுகிறது, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நீ போன பிறகு நம் கூடத்தில் ஒரு சங்கம் உருவாகிவிட்டது. உறுப்பினர் இரண்டே பேர், உன் அப்பாவும் எதிர் வீட்டு ஹெட்கிளார்க்கும். இரண்டு பேருமே தலைவர் என்பதால் சண்டை இல்லை. சாயங்காலமானால் பழைய பாட்டை வைத்துக்கொண்டு இந்தக் காலத்துப் பாட்டைத் திட்ட உட்கார்ந்துவிடுவார்கள். "ஒரு வார்த்தையாவது புரியுதா? வாய்க்குள்ளயே முனகுறானுங்க, அந்தக் காலத்துல ஒவ்வொரு எழுத்தும் முத்து முத்தா விழும்" என்று அப்பா தொடங்குவார், "மெட்டு எங்க, மெட்டு?" என்று ஹெட்கிளார்க் காணாமல் போன செருப்பைத் தேடுவதுபோல் கேட்பார். இவர்கள் தலையில் தூக்கி வைத்து ஆடும் இதே பாட்டுகளை, நான் கல்யாணமாகி வந்த புதிதில் உன் தாத்தா "தகர டப்பாவைத் தட்டுறானுங்க" என்று சொல்லி ரேடியோவை அணைத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதைச் சொன்னால் மட்டும் யார் காதிலும் விழாது.

சத்தம் தெருமுனை வரை போகும். கீழ் வீட்டு நர்ஸ் பாவம், ராத்திரி வேலைக்குப் போகும் முன் கொஞ்சம் கண் மூடுகிறவள், "அக்கா, பாட்டெல்லாம் அருமைதான், ஆனா நான் தூங்கணுமே" என்று வந்து நின்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து பாட்டுப் பெட்டிப் பக்கம் போகும்போதெல்லாம் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தேன், இரண்டு பேருக்கும் அது தெரியவே இல்லை. போன மாதம் ஒருநாள் தரை துடைக்கும்போது அதன் பிளக்கையே பிடுங்கிவிட்டேன். மின்விசிறி மட்டும் கடகடவென்று ஓடுகிறது, இரண்டு பேரும் கண்ணை மூடித் தொடையில் தாளம் போடுகிறார்கள். "ஆஹா, இந்த இடத்துல குரல் எப்படிக் குழையுது பாருங்க" என்கிறார் அப்பா. "இப்ப எவன் இப்படிப் பாடுறான்?" என்கிறார் ஹெட்கிளார்க். எவனும் பாடவில்லை என்பதுதான் உண்மை. ஈரத்துணியோடு நின்று சிரித்தேன், சிரித்துக்கொண்டிருக்கும்போதே நீ போனில் கேட்டது நினைவுக்கு வந்தது.

"அப்பாவுக்கு என்மேல கோபமா, நல்லா இருக்கியான்னு கேட்டுட்டு உடனே போனை உங்ககிட்ட குடுத்துடறாரே" என்று எத்தனை தடவை கேட்டிருப்பாய். அவ்வளவு தூரத்தில் வேலைக்குப் போனது பிடிக்கவில்லை என்று நீயே முடிவு கட்டிக்கொண்டாய். நானும் அப்படித்தான் நினைத்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். லேத் பட்டறையில் வாழ்நாளெல்லாம் இரும்பு கடைந்த சத்தம் அவர் காதைத் தின்றுவிட்டிருக்கிறது. பழைய பாட்டு மனப்பாடம், அது உள்ளுக்குள்ளேயே ஓடுகிறது. புதுப் பாட்டும் நீயும்தான் அவருக்குக் கேட்கவில்லை.

டாக்டரிடம் அழைத்துப் போக நான் பட்ட பாடு நாய் படாது. "என் காதுக்கு என்ன கேடு, பாட்டுதான் கெட்டுப்போச்சு" என்று ஒரே பிடிவாதம். கடைசியில் காது மெஷினை மாட்டிக்கொண்டு வெளியே வந்ததும், எதிர்க்கடையில் ஓடிய ஒரு புதுப் பாட்டை நடுத்தெருவில் நின்று முழுசாகக் கேட்டார். "இப்ப ஒவ்வொரு வார்த்தையும் தெளிவா விழுது. விழாமலே இருந்திருக்கலாம்" என்றார். நான் அசந்துவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்து தன் உயிருக்கு உயிரான பழைய பாட்டைப் போட்டதும் முகம் மாறிவிட்டது. வயலின் கீச்சிடுகிறதாம், பாடுகிறவர் வரிக்கு வரி மூச்சு வாங்குகிறாராம், யாரோ நடுவில் புகுந்து பாட்டைக் கெடுத்துவிட்டார்களாம். இதைக் கேட்ட ஹெட்கிளார்க், மெஷின் மாட்டியவர் கருத்து செல்லாது என்று சொல்லிக் கோபித்துக்கொண்டு போனவர்தான், இன்னும் வரவில்லை. சங்கம் உடைந்ததில் நர்ஸுக்கு மட்டும் சந்தோஷம்.

அதற்குப் பிறகு நீ போன வாரம் அனுப்பிய குரல் பதிவைக் கேட்டார். "நல்லா இருக்கேன்மா, வேலை ஜாஸ்தி, அப்புறம் பேசறேன்" என்று அவ்வளவுதான், நான் கேட்டு நிம்மதியாகக் காய் நறுக்கப் போனவள். அவர் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "இவ நல்லா இல்ல. நல்லா இருக்கேன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு மூச்சு விடுறா பாரு" என்றார். நானும் கேட்டேன். ஆமாம், விடுகிறாய். இத்தனை நாள் நல்ல காதை வைத்துக்கொண்டு நான் என்ன கேட்டேனோ தெரியவில்லை. எனக்கு அழுகையாக வருகிறது.

என்னவாக இருந்தாலும் சரி, எங்களிடம் மறைக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு, எங்கள் ஆசி எப்போதும் உன்னோடு இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிடு, என்னை விட்டுவிட்டு முதலில் அப்பாவிடம் பேசு. இந்தக் கடிதத்தை அவருக்குக் காட்டாமல்தான் ஒட்டப் போகிறேன்.

உன் அம்மா

படித்துவிட்டேன். பிளக்கைப் பிடுங்கிய விஷயத்தை உன் அம்மாவிடம் தனியாகப் பேசிக்கொள்கிறேன். கோபம் எல்லாம் எப்போதும் இருந்ததில்லை கண்ணு. போனில் கத்த வேண்டாம், மெதுவாகவே பேசு. கேட்கிறது.

அப்பா