இடறும் நா எங்கே விழுகிறது

1936, ஆனி 4

பிள்ளையார்பாளையத்துக் கூட்டத்தில் இன்று முழங்கினேன். "தறியும் நெறியும்" என்று தொடங்க வேண்டியவன் "நறியும் தெறியும்" என்றேன். நெசவாளர் சிரித்தனர். விடுவேனா? "பாருங்கள்! இடறினாலும் என் நா தமிழுக்குள்ளேயே விழுகிறது. தமிழில் சொல்லின் முதலில் நில்லாத றகரம், இடறியபோதாவது முதலில் வந்ததா? வராது. இது குருதியில் ஊறிய ஒலி!" கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

ஆனி 7

எங்கள் படிப்பகத்தில் மாலைதோறும் நெசவாளர்க்குச் செய்தித்தாள் படித்துக்காட்ட ஆள் வேண்டும். ஐயம்பேட்டைச் சேரியிலிருந்து அம்சா என்னும் பெண் வந்து கேட்டாள், பள்ளியில் தேறியவள். செயலாளர் கலியாணசுந்தரம் என்னைப் பார்த்துச் சொன்னார்: "நீங்கதானே சொன்னீங்க, பேச்சு ரத்தத்துல வருதுன்னு? அப்ப சேரி ரத்தத்துல இன்னா வரும்?"

"படிச்சுக் காட்டறேன் ஐயா, அப்புறம் பேசுங்க" என்றாள் அவள். யாரும் தாளை நீட்டவில்லை. முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளினார்கள். நானும் வாய் திறக்கவில்லை. நான்!

ஆனி 8

மறுக்க வேண்டிய பேச்சு என் பேச்சாகவே இருந்தால்?

ஆனி 11

சின்னக் காஞ்சியில் வடமொழிவாணரோடு நடக்கவிருக்கும் சொற்போருக்காக வடமொழிப் பாக்களை உரக்கப் படித்துவருகிறேன் — பகைவர் படையை அளப்பதுபோல. நண்பகல் உண்ண அமர்ந்து மனைவியிடம் கேட்டேன்: "ஸ்தயிர்ச்சோறு போடு." ஆம், ஸ்த! என் வாயில்!

எல்லம்மாள் அகப்பையோடு நின்று சிரித்தாள். "ரத்தம் மாறிப்போச்சா உங்களுக்கு? பொழுதுக்கும் அதையே படிச்சிக்கினு இருந்தா வேற இன்னா வரும்?"

குருதியாவது ஒன்றாவது! பழக்கம். வெறும் பழக்கம். இன்னாத்த உளறித் தொலைச்சேன் அன்னிக்கு?

ஆனி 14

படிப்பகத்தில் தயிர்ச்சோற்றுக் கதையை ஒளிக்காமல் சொன்னேன். கூரை அதிரச் சிரித்தார்கள். "வாய் எதில் பழகிற்றோ அதற்குள்தான் நா இடறுகிறது. பிறப்பு இதில் எங்கே வந்தது? தாளை அம்சாவிடம் கொடுங்கள்."

"ஒரு வாய் சோத்துக்குக் கொள்கையை வுட்டுட்டீங்களே!" என்றார் கலியாணசுந்தரம். கொடுத்தார்.

அம்சா தெளிவாகப் படித்தாள். "பட்டின் விலை" வருமிடத்தில் மட்டும் "வட்டின் பிலை" என்றாள். கலியாணசுந்தரம் நிமிர்ந்தார்.

"நாக்கு புரண்டுடுச்சு ஐயா. மேல படிக்கட்டுமா?"

"படிம்மா!" என்று கத்தினார் நெசவாளர் முருகேசன். "வெலை ஏறிச்சா எறங்கிச்சா, அதச் சொல்லு மொதல்ல!"

ஆடி 20

சொற்போரில் வென்றேன். "குருதி" என்ற சொல்லை எடுக்கவேயில்லை.

படிப்பகத்தில் நாள்தோறும் அம்சாவின் குரல்தான். தவறாமல் வந்து கேட்பவர் கலியாணசுந்தரம். இன்று ஆண்டுக்கூட்ட அறிவிப்பை அவரே படித்தார். நடுவில் தடுமாறினார். "நாக்கு புரண்டுடுச்சு. மேல படிக்கட்டுமா?" என்றார், அவை யாருடைய சொற்கள் என்றே அறியாமல்.

அம்சா கையிலிருந்த தாளை மடித்து வைத்தாள்.

"படிங்க ஐயா."