பழைய குழுவில் பதிலில்லாத கேள்வி

மே 6, செவ்வாய்

அனல். ஜெராக்ஸ் மெஷின் சூட்டில் இரண்டு முறை நின்றது. முகக்கவசத்துக்குள் வியர்வை, மாற்றுச் சிறுநீரகம் வைத்தபின் கழற்றப் பயம்.

மத்தியானம் கடையில் ஆளில்லை. சும்மா இணையத்தில் எங்கள் பழைய நியூஸ்குரூப்பைத் திறந்தேன். சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள் தமிழில் எழுதிக்கொண்ட இடம். எல்லோரும் புது ஃபோரத்துக்குப் போய்விட்டோம். அங்கே படம் போடலாம், போனில் சுலபம். பழைய இடத்தில் இப்போது சூதாட்ட விளம்பரம் மட்டும்.

அதற்கு நடுவே அரியலூர் ராசேந்திரன். "மாத்திரை போட்டதும் வாந்தி. திரும்பப் போடணுமா, விட்டுடலாமா?" அதன் கீழே மறுபடியும்: "யாரும் இல்லையா?"

போன வாரத்தது. ஒரு பதில்கூட இல்லை.

அவருக்குக் கண் தெரியாது. கம்ப்யூட்டர் வாசிக்க வாசிக்கக் கேட்டு எழுதுவார். சிறுநீரகம் கொடுத்தது அவர் அக்கா.

அந்த மாத்திரை நின்றால் வைத்த சிறுநீரகத்தை உடம்பே ஏற்காது. உடனே எழுதினேன்: டாக்டரிடம் போங்க, இப்பவே.

மே 7, புதன்

பதில் இல்லை. அவர் போன் நம்பர் யாரிடமும் இல்லை.

ஃபோரம் நடத்துபவரிடம் சொன்னேன். "அவர இங்க சேரச் சொல்லுங்க மேடம்." சேர வேண்டுமானால் படத்திலுள்ள எழுத்தைப் பார்த்துத் தட்ட வேண்டும். அவர் எப்படிப் பார்ப்பார்? கேட்டேன். "பாக்கலாம் மேடம்."

டோனர் வாங்கணும்.

மே 9, வெள்ளி

கடையை அடைத்துவிட்டுக் கிளம்பினேன். கல்லங்குறிச்சி கோயில் பக்கம் அக்காவுக்குப் பூக்கடை என்று அவர் எப்போதோ எழுதியது ஞாபகம். அரியலூர் பஸ். வழியெல்லாம் சிமெண்ட் லாரி, புழுதி.

இரண்டாவது கடையிலேயே அந்த அக்கா. என் பேரைச் சொன்னதும், "பெரம்பலூர் செல்வியா? வூட்டுக்கு வாங்க. நேத்துதான் ஆஸ்பத்திரிலேருந்து வந்தான்." நடந்துகொண்டே, "பதில் வரலன்னு மாத்திரைய நிறுத்திட்டான். கிட்னி பாதி போயிடுச்சுங்கறாங்க. மீதி நிக்குமான்னு பாக்கணுமாம்." அழவில்லை. கையில் தொடுத்த சரம் அப்படியே.

ராசேந்திரன் கட்டிலில். யார் வந்திருக்கிறேன் என்று அக்கா சொன்னார். என் குரலை முதல்முறை கேட்கிறார்.

"செல்விக்கா, உசுரோட இருக்கீங்களா?"

"ஏன் இப்படிக் கேக்கறீங்க?"

"ஒருத்தரும் பதில் போடல. எல்லாரும் செத்துட்டீங்கன்னு நெனச்சேன். நம்ம ஒடம்பு அப்படித்தானே."

இடம் மாறியதைச் சொன்னேன். பிறகு ஒவ்வொருவராக விசாரித்தார்.

"சேலம் குமாரு?"

"இருக்காரு."

"பாத்திமா?"

"நல்லாருக்கா."

"வேலூர் சாரு?"

அவர் மாசியில் இறந்தார். ஃபோரத்தில் நான்கூட அழும் பொம்மை ஒன்று போட்டேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே" என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மே 11, ஞாயிறு

மேகமூட்டம். மழை இல்லை.

நடந்ததை ஃபோரத்தில் எழுதினேன். நிறையப் பேர் கட்டைவிரல் காட்டினார்கள். பாத்திமா மட்டும் பழைய இடத்துக்கே வந்து எழுதினாள்: "ராசேந்திரன் அண்ணே, நான் இருக்கேன்." பிறகு குமார். அதோடு சரி.

சாயங்காலம் அதே பழைய இடத்தில் ராசேந்திரன்: "நாளைக்கு ரத்தம் எடுக்கறாங்க. என்னன்னு இங்க எழுதறேன். போயிடாதீங்க."