தயாபரன் சொன்ன கப்பல் கதை

பூம்ப்ளிஸ், பேர்ன், சுவிட்சர்லாந்து
16.3.1986

அன்புள்ள தயாபரனுக்கு,

நாங்கள் இங்கே ஏதோ நடமாடுகிறோம். நீ பத்திரமாக யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்துவிட்டாயா என்று முதலில் எழுது. உன் அக்கா வீட்டு விலாசத்துக்குத்தான் இதைப் போடுகிறேன்.

உன்னை விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பிய அன்று ராசா அண்ணை வேலைக்குப் போகவில்லை. ஐம்பது வயது மனிதர், உன் கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டார். உன் அகதி விண்ணப்பத்தை மறுத்தவர்கள் எங்களுடையதை இன்னும் எடுத்துப் பார்க்கவில்லை. தபால்காரரைக் கண்டால் கதவைத் திறக்க ஆளையாள் தள்ளிவிடுகிறோம். ஓட்டலில் கோப்பை கழுவிக் கழுவிக் கையெல்லாம் வெடித்துவிட்டது.

இன்னொரு துக்கச் செய்தி. டிவியில் நாம் பார்க்கிற சனிக்கிழமை விண்கப்பல் தொடரை நிறுத்திவிட்டார்கள். செலவு கூடிவிட்டதாம், இலையுதிர் காலம் வரை ஓய்வாம். கப்டனைக் கொண்டுபோய்ப் பனிக் கிரகத்தில் தனியே இறக்கிவிட்டு இவர்களுக்கு ஓய்வு கேட்கிறது! ராசா அண்ணை டிவிப் பெட்டியைப் பார்த்து, "உங்களுக்கு நெஞ்சிலை ஈரம் இல்லையோ" என்று ஏசினார். நீ பக்கத்தில் இருந்து தமிழில் சொல்லச் சொல்லத்தானே நாங்கள் அந்தக் கதையைப் பார்த்தோம். எங்களுக்கு ஜெர்மனில் ஒரு சொல்லும் விளங்காது. நீ இருந்திருந்தால் கப்டனுக்கு ஒரு கம்பளியாவது கிடைத்திருக்கும்.

உடனே பதில் போடு.

அன்புடன்,
இரவீந்திரன்

பூம்ப்ளிஸ்
21.9.1986

அன்புள்ள தயா,

உன் பதிலுக்குப் பதிலாகப் பத்மினி அக்காவின் கடிதம் வந்தது. நீ இன்னும் வீட்டுக்கு வரவில்லையாம். கொழும்பில் நீ வடக்கே போகிற பஸ்ஸில் ஏறியதை ஒருவர் கண்டாராம். அதற்குப் பிறகு கண்டவர் இல்லையாம். நான் இதை நம்பப் போவதில்லை. கடிதம் எழுதப் பஞ்சிப்படுகிற சோம்பேறி நீ என்று எனக்குத் தெரியும். எங்கேயோ ஒரு வீட்டில் சோற்றைத் தின்றுவிட்டுப் படுத்திருப்பாய்.

கப்பல் திரும்பி வந்துவிட்டது. மாதா கோயில் மண்டபத்தில் ஆறு மாதமாக ஜெர்மன் வகுப்புக்குப் போகிறோம், இப்போது எங்களுக்கும் பாதி விளங்குகிறது. எடேய் கள்ளா! கப்டனின் அக்கா என்று நீ சொன்ன நரைத்த தலை அம்மாதான் அவரைச் சிறையில் போடச் சொன்ன மேலதிகாரி. இரண்டு கிரகத்துக்காரரும் பங்குக் கிணற்றுக்காகச் சண்டை பிடிக்கிறார்கள் என்றாய். கிணறும் இல்லை, துலாவும் இல்லை, ஏதோ உலோகத்துக்குச் சண்டையாம். இரண்டு வருடமாக வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லி எங்களைப் பேய்க்காட்டியிருக்கிறாய்!

கோபம்கூட முழுதாக வரவில்லை. உண்மைக் கதை சப்பென்று இருக்கிறது. ராசா அண்ணையோ இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. "தயா சொன்னதுதான் சரி, உவங்கள் பிழையாக் கதைக்கிறாங்கள்" என்கிறார்.

ஏச்சு வாங்கவாவது ஒரு கடிதம் போடு.

இரவீந்திரன்

பூம்ப்ளிஸ்
14.12.1986

அன்புள்ள தயாபரா,

இனி எழுத வேண்டாம் என்று அக்கா எழுதியிருக்கிறா. வெளிநாட்டு உறையைக் கண்டதும் அம்மா உன் எழுத்தோ என்று வாங்கிப் பார்க்கிறாவாம். இந்தக் கடிதம் ஒன்றுக்கு மட்டும் அவவை என்னை மன்னிக்கச் சொல்.

இங்கே பனி கொட்டத் தொடங்கிவிட்டது. எங்கள் விண்ணப்பங்களுக்கு இன்னும் முடிவில்லை. வேலை, சமையல், நித்திரை, வேறு ஒன்றும் இல்லை. களைத்துப்போனேன் தயா.

விண்கப்பலுக்கு முடிவு கட்டிவிட்டார்கள். பார்க்கிற ஆட்கள் குறைந்துவிட்டார்களாம், இனி அது வராது. நேற்றுக் கடைசி நாள். வீட்டில் இருந்த அத்தனை பேரும் கூடிவிட்டோம். உன் கதிரையில் ஒருவரும் இருக்கவில்லை. தொடங்கியதுமே ராசா அண்ணை எழும்பிப் போய்ச் சத்தத்தை நிறுத்திவிட்டார்.

படம் மட்டும் ஓடியது. கப்பல் கிளம்புகிறது. கப்டன் அதில் இல்லை. அவர் பனிக்குள் தனியே நடந்து போகிறார். ஒருமுறை திரும்பி எங்களைப் பார்த்தார், வாய் அசைந்தது. பிறகு பனிதான் தெரிந்தது. நாங்கள் எல்லோரும் உன் கதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அண்ணை அழுதார், நானும் அழுதேன்.

இன்று காலை சமையலறையில் கூட வேலை செய்கிற சுவிஸ்காரப் பெடியன் முடிவைச் சொல்ல வந்தான். ஈரக் கையோடு காதைப் பொத்திக்கொண்டேன். அவன் சொல்கிற முடிவு எங்களுக்கு வேண்டாம். உண்மையான கதையும் வேண்டாம். கிணற்றுச் சண்டையோ அக்காவோ, நீ எந்தப் பொய்யைச் சொன்னாலும் நாங்கள் நம்புவோம்.

தயா, அவர் என்ன சொன்னார்? எந்தப் பக்கம் போனார்? அவர் உயிரோடு இருக்கிறாரா? ஒரு வரி போதும், உன் கையால் எழுது. நீ எங்கே இருந்தாலும் நல்லூர் முருகன் உன் பக்கத்தில் இருக்கட்டும்.

பெட்டியின் சத்தத்தை நாங்கள் இன்னும் கூட்டவில்லை.

உன்,
இரவீந்திரன்